கடல் முள்ளெலியும் கடற்பாசியும்: பினாங்குக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து தெலுக் பஹாங், பத்து பெரிங்கி பக்கம் பிள்ளைகளோடு பாறைகளில் நடப்பவர்களும், பாயார் தீவுக்குப் போய்க் கண்ணாடி மாட்டி நீந்திவிட்டு வந்தவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. சிலர் முள்ளைப் பற்றிக் கேட்பார்கள், சிலர் பாசியைப் பற்றிக் கேட்பார்கள். ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடல் முள்ளெலி என்றால் எது? இங்கே இருப்பது எந்த வகை?

உருண்டையான சுண்ணாம்பு ஓடு, அதைச் சுற்றிலும் முள். மலாய்க்கார மீனவர்கள் லண்டாக் லாவுட் என்பார்கள். நட்சத்திர மீனுக்கும் கடல் அட்டைக்கும் உறவுக்கார உயிர். மலேசியப் பவளப்பாறைகளில் அதிகம் கண்ணில் படுவது டயடெமா செட்டோசம் என்ற கறுப்பு வகை. முள் நீளமாக, மெல்லியதாக இருக்கும். உடம்பின் மேல்பக்கம் ஐந்து வெள்ளைப் புள்ளிகள், நடுவில் ஓர் ஆரஞ்சு வளையம். அந்த வளையத்தைக் கண் என்று பலர் நினைக்கிறார்கள். அது கழிவு வெளியேறும் துவாரம். வாய் நேர் கீழே, பாறையைப் பார்த்தபடி இருக்கிறது.

அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன தின்கிறது?

முக்கியமாகப் பாசி. வாய்க்குள் ஐந்து பற்கள் நடுவை நோக்கிக் கூடும். அவற்றை அசைக்கும் எலும்பு போன்ற அமைப்புக்கு ‘அரிஸ்டாட்டிலின் விளக்கு’ என்று பெயர். அதை அவர் விவரித்து எழுதி 2300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பற்கள் தேயத் தேய அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும், தேயும்போதே கூர்மையும் ஆகும். அதனால் பாசியின் இலையை மட்டும் அல்லாமல் பாறையின் மேல்தோலையும் சேர்த்துச் சுரண்ட முடிகிறது. விஷயத்தின் மையம் இந்தச் சுரண்டல்தான். மீன் கடித்தால் பாசியின் நுனி போகும், அடி தப்பும், மறுபடி தழைக்கும். முள்ளெலி மேய்ந்தால் அடியும் போகும், அப்போதுதான் ஒட்டி முளைத்த கண்ணுக்குத் தெரியாத குருத்தும் போகும்.

அப்படி மேய்ந்தால் பாறையில் எது மிஞ்சும்?

எத்தனை முள்ளெலி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முள்ளெலியே இல்லாத பாறையில் வேகமாக வளரும் ஓரிரண்டு பெரிய பாசிகள் வெளிச்சத்தை மறைத்து மற்றவற்றை அமுக்கிவிடும். அளவாக இருந்தால் அங்கங்கே வெற்றிடம் உண்டாகும், அதில் சின்னப் பாசிகளுக்கும் இடம் கிடைக்கும், வகைகள் கூடும். மிக அதிகமாகிவிட்டால் நிமிர்ந்து நிற்கும் பாசி எதுவும் இருக்காது. பாறையோடு பாறையாக இளஞ்சிவப்புப் பூச்சு போலப் படரும் சுண்ணாம்புப் பாசி மட்டும் மிஞ்சும். கடித்தால் கல்லைக் கடிப்பது மாதிரிதான் என்பதால் அது தப்பிக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையே ரோஸ் நிறமாகத் தெரியும்.

இதற்கெல்லாம் முள்ளெலிதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? வெளிச்சமோ அலையோ காரணமாக இருக்கலாமே?

இருக்கலாம். அதனால்தான் அகற்றிப் பார்க்கும் சோதனை செய்தார்கள். ஒரே பாறையில் ஒரு பகுதியில் முள்ளெலிகளை எடுத்துவிட்டு, பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது. வெளிச்சம், அலை, தண்ணீர் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது. அப்புறம் வித்தியாசம் தெரிந்தால் அது முள்ளெலியால் வந்தது.

அயர்லாந்தின் லாக் ஹைன் என்ற கடல் ஏரியில் கிச்சிங், எப்லிங் இருவரும் இதைச் செய்து 1961-இல் எழுதினார்கள். எடுத்த இடத்தில் பாசி மளமளவென்று படர்ந்தது. ஐல் ஆஃப் மான் தீவின் போர்ட் எரின் துறைமுகத்தில் ஜோன்ஸ், கெய்ன் இருவரும் ஒரு பட்டையில் முள்ளெலிகளைத் தொடர்ந்து அகற்றி வந்தார்கள் (1967-இல் வெளியானது). அந்தப் பட்டையில் கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசி வளர்ந்தது, பக்கத்தில் வெறும் பாறை அப்படியே இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பெய்ன், வடாஸ் இருவரும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் செய்து 1969-இல் எழுதியது. முள்ளெலியை எடுத்ததும் முதலில் பாசி வகைகள் கூடின. காலம் போகப் போக ஓரிரண்டு பெரிய கெல்ப் வகைகள் மேலோங்கி மற்றவை குறைந்தன. மேய்ச்சல் நின்றால் எல்லாப் பாசிக்கும் நல்லது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு முடிவே போதும். மேயும் வாய் இருந்ததால்தான் சில சின்னப் பாசிகள் அங்கே பிழைத்திருந்தன.

வெப்பக்கடலிலும் சான்று உண்டு. கரீபியனின் செயின்ட் குரோய் தீவில் பவளத்திட்டுகளைச் சுற்றிக் கடற்புல் இல்லாத வெள்ளை மணல் வளையம் இருக்கும். அங்குள்ள டயடெமா வகை பகலில் திட்டுக்குள் ஒளிந்திருந்து இரவில் வெளியே வந்து, விடிவதற்குள் திரும்பக்கூடிய தூரம் வரை மேய்வதால் உண்டானது அந்த வளையம். ஒரு திட்டிலிருந்த முள்ளெலிகளை அகற்றியதும் வளையத்துக்குள் புல் முளைத்தது. 1973-இல் வந்த ஆய்வு இது.

வெறும் பாறை ஆகிவிட்டால் முள்ளெலியும் பட்டினியால் செத்துவிடாதா? பாசி தானாகத் திரும்பிவிடுமே?

நிறையப் பேர் கேட்கும் நல்ல கேள்வி. பதில், பெரும்பாலும் சாகாது.

பசிக்கும்போது முள்ளெலி தன் உடம்பின் செலவைக் குறைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் முட்டைப்பை சுருங்கிவிடும், வளர்ச்சி நின்றுவிடும், ஆனால் உயிர் இருக்கும். பாறையின் மேல் படியும் மெல்லிய படலத்தைச் சுரண்டிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளும். புதுப் பாசி குருத்து விட்ட அன்றே அதுவும் போய்விடும். வெள்ளாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திய தோட்டத்தில் புதிதாக விதை தூவுகிற மாதிரி.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாசி அடர்ந்திருக்கும்போது உதிர்ந்து வரும் துண்டுகளே முள்ளெலிக்குப் போதும். அது இடுக்கில் உட்கார்ந்தபடி, வருவதைப் பிடித்துத் தின்னும். உதிரும் துண்டு குறைந்ததும் இடுக்கை விட்டு வெளியே வந்து உயிருள்ள பாசியைத் தேடி மேயத் தொடங்கும். சில கடல்களில் வரிசை கட்டி முன்னேறுவதைப் பார்க்கலாம். எண்ணிக்கை கூடாமலே, நடத்தை மாறுவதாலேயே காடு அழிவது உண்டு.

அதனால் போவது எளிது, திரும்புவது கடினம். உலகின் பல கரைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு (2015) இதை அளந்தது. ஒரு கெல்ப் காட்டை வெறும் பாறையாக்க எவ்வளவு முள்ளெலி வேண்டுமோ, அந்தப் பாறை மறுபடி காடாக வேண்டுமானால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைய வேண்டியிருக்கிறது. பாதியைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டோம் என்று திருப்திப்பட முடியாது.

முள்ளெலியைத் தின்பவர்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். கதையே அவர்களைச் சுற்றித்தான். முள் இருப்பதால் யாரும் தொடமாட்டார்கள் என்று எண்ணுவது தவறு.

வட பசிபிக்கில் கடல் நீர்நாய். குளிர்த் தண்ணீரில் உடம்புச் சூட்டைக் காக்க அது தினமும் தன் எடையில் கால் பங்கு அளவுக்குச் சாப்பிட வேண்டும். ரோமத்துக்காக அதை வேட்டையாடியே ஒழித்தார்கள். 1911-இல் ஓர் ஒப்பந்தம் பாதுகாப்புக் கொடுத்த பிறகு சில தீவுகளில் திரும்பியது, சிலவற்றில் திரும்பவில்லை. எஸ்டஸ், பால்மிசானோ இருவரும் அலூசியன் தீவுகளில் இரண்டு வகையையும் ஒப்பிட்டு 1974-இல் எழுதினார்கள். நீர்நாய் இருந்த அம்சிட்காவில் கெல்ப் காடு. இல்லாத ஷெம்யாவில் பெரிய பெரிய முள்ளெலிகளும் வெறும் பாறையும். 1990-களில் ஓர்க்கா திமிங்கிலங்கள் நீர்நாயைத் தின்னத் தொடங்கியதும், காடு இருந்த இடங்களும் வெறுமையாயின.

நியூசிலாந்தின் லீ கரையில் 1975-இல் மீன்பிடியைத் தடை செய்து கடல் காப்பகம் அமைத்தார்கள். ஸ்னாப்பர் மீனும் சிங்கி இறாலும் பெருகின, முள்ளெலி குறைந்தது, கெல்ப் திரும்பியது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. டாஸ்மேனியாவில் நடந்தது தலைகீழ். கடல் சூடானதால் வடக்கே இருந்த நீள்முள் முள்ளெலி ஒன்று தெற்கே வந்து குடியேறியது. அதை உடைத்துத் தின்னும் அளவுக்குப் பெரிய சிங்கி இறாலை ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தார்கள். சின்ன சிங்கியால் அது முடியாது. எண்ணிக்கையோடு உருவ அளவும் முக்கியம் என்பதற்கு இது சான்று.

கலிபோர்னியாவில் நடந்தது இன்னும் வேகம். சூரியகாந்தி நட்சத்திர மீன் என்று ஒன்று உண்டு, இருபது கைக்கு மேல் இருக்கும், முள்ளெலி வேட்டைக்காரன். 2013 முதல் நோயால் அது கிட்டத்தட்ட இல்லாமலே போனது. உடனே 2014-16 கடல் வெப்ப அலையும் வந்தது. ஊதா முள்ளெலி பெருகி, வட கலிபோர்னியாவில் 350 கிலோமீட்டர் நீளக் கரையில் கெல்ப் காட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. பாசியை நம்பிய அபலோனி சங்குகளும் பட்டினியில் செத்ததால் 2018-இல் அவற்றைப் பிடிப்பதையே நிறுத்தவேண்டி வந்தது.

நம் வெப்பக்கடலில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் மீன்கள். கிளாத்தி மீன் முள்ளெலியைப் புரட்டிப்போட்டு, முள் குறைந்த அடிப்பக்கத்தை உடைத்துத் தின்னும். கென்யாவில் கிளாத்தியை அதிகம் பிடித்த பவளத்திட்டுகளில் முள்ளெலி பெருகியிருக்கிறது, மீன்பிடி இல்லாத பூங்காக்களில் குறைவாக இருக்கிறது.

அப்படியானால் முள்ளெலி கெட்டது, ஒழிக்க வேண்டியது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கரீபியனில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

1983 ஜனவரியில் பனாமா அருகே டயடெமா அன்டில்லாரம் என்ற முள்ளெலி செத்து விழத் தொடங்கியது. நோய் நீரோட்டத்தோடு பரவி, ஓர் ஆண்டு சுமாரில் கரீபியன் முழுதும் 90 விழுக்காட்டுக்கு மேல் மடிந்தன. பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்த ஜமைக்காவில் மேய ஆள் இல்லாமல் போயிற்று. 1970-களின் பிற்பகுதியில் 52 விழுக்காடாக இருந்த பவளப் பரப்பு 1990-களின் தொடக்கத்தில் 3 விழுக்காட்டுக்கு இறங்கியது. பெரிய பாசியின் பரப்பு 4-இலிருந்து 92-க்கு ஏறியது. 1980-இல் அடித்த புயலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் புயலுக்குப் பிறகு பவளம் மீள முடியாமல் போனதற்கு, குஞ்சுப் பவளம் ஒட்ட இடம் விடாமல் பாசி மூடியது பெரிய காரணம்.

குளிர்க்கடலில் காட்டை அழிக்கும் அதே மேய்ச்சல், பவளக்கடலில் பவளத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. அங்கும் அளவு மீறினால் பல்லே பவளத்தை அரித்துவிடும். அதனால் முள்ளெலி நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். இந்தக் கரையில் எத்தனை இருக்கிறது, அதைத் தின்பவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பினாங்கில் கெல்ப் காடு உண்டா?

இல்லை. கெல்புக்குக் குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் வேண்டும். நம் கடல் ஆண்டு முழுதும் 28 முதல் 30 டிகிரி வரை. இங்கே உயரமாக வளரும் பழுப்புப் பாசி என்றால் சார்காசம்தான், சின்னச் சின்னக் காற்றுப் பைகளோடு மிதக்கும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு போர்ட் டிக்சன் கரையில் பார்த்த ஞாபகம் இருக்கும்.

இங்கே பாறைகளில் பாசி குறைவாக இருப்பதற்கு முள்ளெலிதான் காரணமா?

நடந்து போய்ப் பார்க்கிற பாறைகளில் காரணம் அது இல்லை என்றே சொல்வேன். தெலுக் பஹாங் பக்கத்துக் கருங்கல் பாறைகளில் தண்ணீர் வற்றும்போது மேலே வெயிலில் காய்வது பார்னக்கிளும் பாறைச் சிப்பியும். முள்ளெலிக்கு அந்த வெயில் ஆகாது. அது தண்ணீர் இறங்கும் எல்லைக்குக் கீழே வாழும் உயிர். மேலே மேய்வது நத்தைகளும், லிம்பெட் என்ற கூம்பு ஓட்டு நத்தைகளும். அவற்றின் மேய்ச்சலும் பாசியைக் குறைக்கும், ஆனால் அது வேறு கதை.

அடுத்த காரணம் கலங்கல். பெருநிலத்திலிருந்து மூடா, பிறை ஆறுகள் வண்டலைக் கொண்டுவருகின்றன. சேற்றுத் தண்ணீரில் வெளிச்சம் கீழே போகாது, பாறை மேல் படியும் வண்டலில் பாசிக் குருத்து ஒட்டவும் முடியாது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலைகள் நடக்கும்போதெல்லாம் இதை நினைத்து எனக்குக் கவலை வருகிறது. பாறைக்கரையில் மேய்ச்சலைப் பற்றி நாம் பேசவேண்டுமானால் முதலில் மேய ஏதாவது முளைக்க வேண்டும்.

தெளிந்த தண்ணீரும் பவளமும் உள்ள பாயார் தீவுப் பக்கம் போனால் டயடெமாவின் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். அது கூட்டமாக இருக்கும் கல்லைச் சுற்றி என்ன இருக்கிறது, கொஞ்சம் தள்ளி என்ன இருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

முள்ளெலி எல்லாப் பாசியையும் தின்றுவிடுமா?

விருப்பு வெறுப்பு உண்டு. பழுப்புப் பாசிகள் பலவற்றில் துவர்ப்பான வேதிப்பொருள்கள் இருக்கின்றன, அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கும். குளிர்க்கடல் பாசியான டெஸ்மரெஸ்டியா தன் செல்லுக்குள் கந்தக அமிலத்தையே வைத்திருக்கிறது. அலை பலமாக இருக்கும் இடத்தில் பாசியின் தண்டு அடித்து அடித்து முள்ளெலியை நெருங்கவிடாது. வேறு வழி இல்லாவிட்டால், பிடிக்காததையும் தின்னும்.

தின்பதற்கு நல்லது என்கிறார்களே, பிடித்துச் சாப்பிட்டே குறைக்கலாமே?

ஜப்பானிய உணவகங்களில் ‘ஊனி’ என்று விலை உயர்த்தி விற்பது முள்ளெலியின் இனப்பெருக்க உறுப்பு. சபாவின் செம்போர்னாவில் பஜாவ் மக்கள் முள்ளெலி ஓட்டுக்குள் அரிசியை அடைத்து வேகவைத்து ‘தேஹே-தேஹே’ செய்கிறார்கள். அது டிரிப்நியூஸ்டஸ் என்ற குட்டை முள் வகை.

ஆனால் வெறும் பாறையில் பிடித்த முள்ளெலியைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, பட்டினியில் சுருங்கிப்போயிருக்கும். அதனால்தான் யாரும் பிடிக்க வருவதில்லை. ஜப்பானின் கனகாவாவில் இப்படிப் பிடித்தவற்றுக்கு விற்காத முட்டைக்கோஸைப் போட்டு வளர்த்து, தின்னும் பதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல யோசனை. ஒரு கரை முழுதையும் அப்படிக் காப்பாற்ற முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

வேண்டாத பாசியை ஒழிக்க முள்ளெலியைப் பயன்படுத்த முடியுமா?

ஹவாயில் செய்கிறார்கள். செம்போர்னாவில் பயிரிடும் காப்பாஃபைகஸ் பாசி, ஹவாயின் கானியோஹே விரிகுடாவில் பவளத்தின் மேல் படர்ந்து பெரிய தொல்லையானது. முதலில் ஆட்கள் அள்ளுவார்கள், அப்புறம் பண்ணையில் வளர்த்த டிரிப்நியூஸ்டஸ் குஞ்சுகளை விடுவார்கள், மிச்சத்தை அவை மேய்ந்துவிடும். அந்த வகை ஹவாய்க்குச் சொந்தமான உயிர் என்பது முக்கியம். வெளியூர் முள்ளெலியைக் கொண்டுவந்து விட்டால் தொல்லை இரண்டாகும்.

இதே பாசி மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளத்திலும் படர்ந்தது. ராமேஸ்வரம் பக்கம் உறவினர் உள்ளவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

காலில் முள் குத்திவிட்டால்?

பதறித் தேய்க்காதீர்கள், கல்லால் தட்டி நொறுக்காதீர்கள். டயடெமாவின் முள் உள்ளீடற்றது, எளிதில் உடையும், கொஞ்சம் நஞ்சும் உண்டு. வெளியே நீட்டியிருப்பதை இடுக்கியால் மெதுவாக நேராக இழுங்கள். பொறுக்கும் அளவுச் சூட்டில் (45 டிகிரியைத் தாண்டாமல்) வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் காலை வைத்தால் வலி குறையும். தோலில் கறுப்பாகத் தெரிவது பல சமயம் சாயம் மட்டும்தான். மூட்டருகே ஆழமாகக் குத்தியிருந்தாலோ, வீக்கம், காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சுற்றுலாவில் சிலர் முள்ளெலியை உடைத்து மீனுக்குப் போடுகிறார்களே, அது சரியா?

சரியில்லை. உடைத்ததும் மீன் கூட்டம் வரும், படம் நன்றாக வரும். ஆனால் அந்தக் கல்லில் பாசியை அடக்கி வைத்திருந்த உயிர் போய்விட்டது, மீனுக்கும் ஆளைக் கண்டால் சோறு என்ற பழக்கம் வந்துவிடும். கடல் பூங்காக்களில் உயிர்களை எடுப்பதும் கொல்வதும் மீன்பிடிச் சட்டம் 1985-இன்படி குற்றம். தயவுசெய்து படகுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். முகத்தைச் சுளிக்காமல் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

கரீபியனில் வந்த அந்த நோய் நம் டயடெமாவுக்கும் வருமா?

கவலைப்பட வேண்டிய விஷயம்தான். 2022-இல் கரீபியனில் மறுபடி டயடெமா மடிந்தது. இந்த முறை காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: சிலியேட் வகை ஒற்றைச் செல் உயிர் ஒன்று. அடுத்து மத்தியதரைக் கடலிலும் செங்கடலின் அகாபா வளைகுடாவிலும் டயடெமா செட்டோசம் கூட்டம் கூட்டமாகச் செத்தது. நம் கடலில் இருக்கும் அதே வகை. முள் உதிர்ந்து, பாறையைப் பிடிக்க முடியாமல், பட்டப்பகலில் வெட்டவெளியில் கிடக்கும் முள்ளெலிகளைக் கண்டால் தொடாமல் படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, மீன்வளத் துறைக்கோ முக்கா ஹெட்டில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் கடல் ஆய்வு மையத்துக்கோ தெரிவியுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மேய்ச்சலைக் காட்ட எளிய வழி உண்டா?

உண்டு, முள்ளெலி இல்லாமலே. அரை மீட்டர்ப் பக்கம் உள்ள ஒரு சதுரச் சட்டத்தை பிவிசி குழாயில் செய்துகொள்ளுங்கள். நீர்வற்றல் நேரத்தைப் பார்த்துவிட்டு, அலை குறைந்த நாளில் போங்கள். நத்தை நிறைய உள்ள இடத்தில் ஒன்று, குறைந்த இடத்தில் ஒன்று என்று சட்டத்தை வைத்து, நத்தையை எண்ணி, பாசி எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று பிள்ளைகளையே மதிப்பிடச் சொல்லுங்கள். இரண்டு இடமும் கரையில் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலின் வேலையையும் வாயின் வேலையையும் பிரிக்க முடியாது. புரட்டிய கல்லைப் பழையபடியே வைத்துவிட்டு வாருங்கள். ரப்பர் அடி உள்ள மூடிய செருப்பு கட்டாயம்.